12-க்கு 10 அடி அறைக்கு 25,000 ரூபாய்க்குள் சப்வூஃபர்: எட்டு அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா?

கடைசிவரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். பாட்டுக் கேட்பதற்கென்று எனக்கு வாய்த்திருப்பது என் படுக்கையறை மட்டுமே. நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. வலப்பக்கத்துப் பாதியைக் கட்டிலும் ஓர் இரும்பு பீரோவும் பிடித்துக்கொண்டன. இடப்பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, அறையின் நீளத்தில் சரிபாதியில் என் நாற்காலி இருக்கிறது. எதிர்ச்சுவரை ஒட்டிய மேசைமேல் ஐந்து அங்குல டிரைவர் (ஒலியெழுப்பும் கூம்பு) கொண்ட இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், அவற்றை இயக்கப் பழைய 5.1 ரிசீவர் ஒன்று, பாட்டுக்குக் கணினி. இவ்வளவுதான் என் உடைமை.

இந்த ஸ்பீக்கர்கள் குரலையும் வயலினையும் அழகாகத் தருகின்றன. ஆனால் எண்பதுகளின் திரையிசையில் பாடகருக்குக் கீழே தனிக்கதை சொல்லிக்கொண்டு ஓடும் பேஸ் கிட்டாரும், மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி எழுப்பும் கனமும் பாதிதான் கேட்கின்றன. சில நாட்களுக்கு முன் நண்பர் ஒருவர், தாழ்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் தம்முடைய எட்டு அங்குல சப்வூஃபரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். இடம் இல்லாததால் மேசைக்கு இடப்புறம் மூலையில் வைத்தேன். சில சுரங்கள் அறையே அதிரும்படி 'தும்' என்று எழுந்தன, அடுத்த சுரமோ காணாமலே போனது. சிறிய அறைக்கு எட்டு அங்குலமே அதிகமோ என்ற ஐயம் வந்துவிட்டது. 25,000 ரூபாய்க்குள் ஆறரை அங்குலச் சிறு சப்வூஃபர் எதையாவது வாங்கலாமா, அல்லது இந்த ஆசையையே விட்டுவிடலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

எட்டங்குலம் எழுதியது:

நண்பரே, உங்கள் ஐயம் நியாயமானது. நானும் இதே அளவு அறையில் யமஹா என்.எஸ்.-எஸ்.டபிள்யூ.050 வைத்திருக்கிறேன். எட்டு அங்குலக் கூம்பு. மூன்றில் ஒரு பங்கு ஒலியளவுக்கு மேல் நான் திருப்பியதே இல்லை. சிறிய அறையில் பன்னிரண்டு அங்குலத்தைக் கொண்டுவந்து வைப்பது, இருவர் சாப்பிடக் கல்யாண அண்டாவில் சோறு வடிப்பது போன்றது. பணமும் வீண், இடமும் வீண்.

மூலைச்சுவர் எழுதியது:

எட்டங்குலம் சொன்ன அண்டா உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது. அண்டாவில் சோறு அதிகமாகிவிடும். சப்வூஃபரிலோ ஒலியைக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. ஒரே ஒலி அளவில் ஓட்டினால் பன்னிரண்டு அங்குலக் கூம்பு எட்டு அங்குலத்தைவிடக் குறைவாக அசைந்தாலே போதும், ஏனெனில் அதன் பரப்பு இரண்டேகால் மடங்கு. குறைவாக அசைகிற கூம்பு குறைவாகவே திரிக்கும். ஆகவே பெரியது சிறிய அறையை 'நிரப்பி வழிந்துவிடும்' என்பது வழிவழியாக வரும் ஒரு பயமே தவிர, ஒலியியல் அப்படிச் சொல்லவில்லை.

கடைசிவரிசைக்கு உண்மையில் நேர்ந்தது வேறு. அறையின் அளவுகளைக் கொடுத்துவிட்டதால் கணக்கிட்டே பார்க்கலாம். இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதும்போது, அந்த இடைவெளியைப் போல இருமடங்கு அலைநீளம் உடைய சுரம் அங்கேயே நிலைகொண்டு வீங்கும். ஒலியின் வேகத்தை நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். உயரமும் அதே 10 அடி என்பதால் மீண்டும் அதே 57. இரண்டு ஒத்ததிர்வுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர் வீடுகளில் பத்தடிக்குப் பத்தடி அறையும் பத்தடிக் கூரையும் வழக்கமாகிவிட்டதால் இந்த நோய் நமக்குப் பொதுவானது.

இப்போது பேஸ் கிட்டாரைப் பாருங்கள். அதன் மிகத் தாழ்ந்த திறந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அடுத்த தந்தி 55. அந்த 55-உம் அதற்கு மேலே உள்ள 58-உம் உங்கள் அறையில் வீங்கும். இனி, நாற்காலி நீளத்தின் சரிபாதியில் இருக்கிறது என்கிறீர்கள். 47 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் இரு சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும், நடுவில் ஏறக்குறைய இல்லாமலே போகும். ஆகவே 46 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுரம் உங்கள் காதுக்கு மட்டும் வராது, கட்டிலின் தலைமாட்டில் படுத்திருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். மூன்று பரப்புகளும் சந்திக்கும் மூலையில் சப்வூஃபரை வைத்தது இந்த எல்லா ஒத்ததிர்வுகளையும் முழு வலுவோடு தட்டி எழுப்பிவிட்டது.

ஆறரை அங்குலம் வாங்கி அதே மூலையில் வைத்தால் அதே சுரங்கள் வீங்கும், அதே சுரம் காணாமல் போகும். கூடவே 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. பணத்தை எடுப்பதற்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள்.

கோவைப்பெட்டி எழுதியது:

மூலைச்சுவர் ஐயா சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பெட்டி மூடியதா, துளை உள்ளதா?

நான் கோவையில் பொழுதுபோக்காக ஸ்பீக்கர் பெட்டிகள் செய்கிறவன். மூடிய பெட்டி, அதாவது சீல்டு வகை, தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் மெதுவாகச் சரிகிறது. துளை உள்ள போர்ட்டட் வகை தன் சுருதி வரை தாக்குப்பிடித்து, அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழுகிறது. திறந்தவெளியில் போர்ட்டடுக்கே வெற்றி. சிறிய அறையில் கதை மாறுகிறது. அறையின் மிகத் தாழ்ந்த ஒத்ததிர்வுக்குக் கீழே, இந்த அறையில் 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அலைகள் ஓடுவதை விட்டுவிட்டு அறை முழுவதும் ஒரே அழுத்தக் கலம்போல நடந்துகொள்ளத் தொடங்கும். காற்றுப் புகாத அறையாக இருந்தால் கீழே போகப் போக ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை அறையே கூட்டிக் கொடுக்கும். கதவிடுக்கும் ஜன்னலும் உள்ள நம் அறைகளில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆனாலும் சீல்டு பெட்டியின் சரிவும் அறையின் ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிடத் தாழ்ந்த சுரம் கேட்கும்.

சிறிய அறைக்கு சீல்டு என்பது என் முடிவு. துளையிலிருந்து 'புஸ்' என்று வரும் காற்றொலியும் இல்லை.

எட்டங்குலம் எழுதியது:

கோவைப்பெட்டி சொல்வது ஏட்டில் சரி. ஆனால் திரியைத் தொடங்கியவரின் கையில் இருப்பது 25,000 ரூபாய். அந்தத் தொகைக்குப் புதிதாகக் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை போர்ட்டட்தான். சீல்டு பெட்டி கீழே இறங்க வேண்டுமானால் அகலமாக அசையக்கூடிய டிரைவரும் வலுவான ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) தேவை. ஒரு சுரத்தை ஓர் ஆக்டேவ் கீழே அதே அளவு ஒலியோடு எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும் அல்லவா? அதனால்தான் நல்ல சீல்டு விலை ஏறிவிடுகிறது. எஸ்.வி.எஸ். நிறுவனத்தின் எஸ்.பி.-1000 ஏறக்குறைய 13 அங்குலக் கனசதுரத்துக்குள் பன்னிரண்டு அங்குல டிரைவரையும் 300 வாட் ஆம்பையும் அடக்கியிருக்கிறது. அதைப் புதிதாக இந்தத் தொகைக்கு யார் தருவார்கள்? கிளிப்ஷ் ஆர்-100.எஸ்.டபிள்யூ. போன்ற பத்து அங்குல போர்ட்டட் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பேஸ் கிட்டாரின் 41-க்கு அது தாராளம்.

கோவைப்பெட்டி எழுதியது:

நியாயம்தான். இசை மட்டுமே என்றால் 32 ஹெர்ட்ஸ் போதும், மறுக்கவில்லை. போர்ட்டட் வாங்கினாலும் ஒரு வழி உண்டு. அறை ஏற்றமும் துளையின் சுருதியும் சேர்ந்து மந்தமாக முழங்கினால், துளைக்குள் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள். பெட்டி ஏறக்குறைய சீல்டு ஆகிவிடும். மொத்த ஒலி வலு குறையும், ஆனால் 12-க்கு 10 அடி அறையில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. துவைத்த காலுறையாக இருப்பது நல்லது.

ஈயப்பற்று எழுதியது:

இருபது ஆண்டுகளாக ஆம்ப் பழுதுபார்க்கிறேன். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் சப்வூஃபர் தேடுகிறவர்களுக்கு என் பங்குக்குச் சில எச்சரிக்கைகள்.

பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே படிக்காதீர்கள். அதை அளப்பதற்கு எல்லாரும் ஏற்ற ஒரு வரையறை கிடையாது, ஆகவே யாரும் எதையும் எழுதலாம். ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே கணக்கு. அதுவும் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். காதுக்கு 'இருமடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

அடுத்தது, 'ஹோம் தியேட்டர் செட்' என்று விற்கப்படும் மலிவான தொகுப்புகளோடு வரும் சப்வூஃபர். அதில் பலவற்றில் தனி ஆம்ப் இருக்காது, மின்கம்பியே வராது. தொகுப்பில் உள்ள மற்ற பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப். 60-இலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் ஒரே சுரத்தைத் தூக்கிக் காட்டும்படி செய்திருப்பார்கள். கடையில் கேட்டால் மிரட்டும், வீட்டில் ஒரு மாதத்தில் தலைவலிக்கும். அதை உங்கள் ரிசீவரின் சப்வூஃபர் வெளியீட்டில் நேரடியாக மாட்டவும் முடியாது, ஏனெனில் அந்த வெளியீட்டில் வருவது ஆம்புக்கு முந்தைய சன்னமான சிக்னல். உங்களுக்கு வேண்டியது தனக்கென்று ஆம்ப் உள்ள ஆக்டிவ் சப்வூஃபர்.

மூன்றாவது, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி. பின்பலகையில் 115-230 மாற்றி இருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நேராக நம் மின்சாரத்தில் சொருகிவிடாதீர்கள். அப்படிப் புகைந்துபோன பலகைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

பதினான்காம்மாடி எழுதியது:

வணக்கம். நான் சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் இருக்கிறேன். அறை அளவு உங்களுடையதைவிடச் சற்றே சிறியது. இதுவரை யாரும் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசவில்லை, ஆகவே நான் பேசுகிறேன்.

முதலில் வாங்கிய பன்னிரண்டு அங்குலத்தை வைத்த மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து, மிகவும் மரியாதையாக, மாவு அரைக்கும் இயந்திரம் ஏதும் வாங்கியிருக்கிறோமா என்று கேட்டார். உடனே ரப்பர் மெத்தை வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். என் தரை அதிர்வது நின்றது. பாட்டிக்கு ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியின் கால்வழியாகத் தரைக்குள் இறங்கும் நடுக்கத்தை மட்டுமே மெத்தை தடுக்கும். காற்றின் வழியாகச் சுவரையும் தளத்தையும் அழுத்தி அசைக்கும் 40 ஹெர்ட்ஸ் அலைக்கு மெத்தை இருப்பதே தெரியாது. சுவரில் ஒட்டும் முட்டை அட்டை வடிவ நுரைக்கும் இதே கதிதான். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர், இரண்டு அங்குல நுரை அதை என்ன செய்துவிடும்?

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. சப்வூஃபரை நாற்காலிக்குப் பின்னால், கையெட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தேன். என் காதுக்கு நேரொலி அருகிலிருந்தே வந்துவிடுவதால் மொத்த ஒலியைச் சில டெசிபல் குறைக்க முடிந்தது. மற்றொன்று, இரவு ஒன்பதரைக்கு மேல் ரிசீவரில் சப்வூஃபரின் அளவை 6 டெசிபல் இறக்கிவிடுகிறேன். குறைந்த ஒலியில் நம் காது தாழ்ந்த சுரங்களை இன்னும் குறைவாகவே உணர்கிறது என்பதால் இது சற்று வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டி இப்போது தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வருகிறார்.

கடைசிவரிசை எழுதியது:

இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. எங்கள் வீட்டுப் பக்கச்சுவர் நாலரை அங்குலச் செங்கல், அதற்கு அப்பால் ஒரு பள்ளி மாணவனின் படிப்பறை. ஆகவே பதினான்காம்மாடி எழுதியதை இருமுறை படித்தேன்.

நண்பரின் சப்வூஃபர் இன்னும் நான்கு நாட்கள் என்னிடம் இருக்கும். எதையும் வாங்குவதற்கு முன் அதை வைத்துக்கொண்டு என்ன சோதித்துப் பார்க்கலாம்?

மூலைச்சுவர் எழுதியது:

நான்கு நாட்கள் தாராளம். முதல் வேலையாக நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளுங்கள். எதிர்ச்சுவரிலிருந்து ஏழரை அடி, பின்சுவரிலிருந்து நாலரை அடி. நீளத்தில் 38 விழுக்காடு என்று சொல்வார்கள். வேதவாக்கு அல்ல, ஆனால் 47 ஹெர்ட்ஸின் பள்ளத்திலிருந்து காது வெளியே வந்துவிடும்.

பிறகு தவழும் முறை. சப்வூஃபரை நாற்காலியின் மேலேயே, உங்கள் தலை இருக்கும் உயரத்துக்கு முடிந்தவரை அருகில் வையுங்கள். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கும் பேஸ் கிட்டார் உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் தரையில் கைகளை ஊன்றிச் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். காது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ, அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குப் போனால் அதே சமநிலை கேட்கும். ஒலி எழுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் இடைப்பட்ட பாதையின் குணம் மாறாது என்பதே இதன் அடிப்படை. கதவைச் சாத்திக்கொண்டு செய்வது உங்கள் கௌரவத்துக்கு நல்லது.

என் ஊகம், எதிர்ச்சுவரின் நடுப்பகுதி வெல்லும். அகலத்தின் சரிபாதியில் இருக்கும் சப்வூஃபர் அகலவாட்டு 57-ஐத் தட்டி எழுப்பாது. உயரவாட்டு 57 மிஞ்சும், தரையில் வைக்கும் எந்தப் பெட்டியும் அதை எழுப்பத்தான் செய்யும்.

முடிந்தால் அளந்தும் பாருங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 போன்ற அளவு மைக் யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும்.

ஈயப்பற்று எழுதியது:

அளப்பதற்கு முன் இணைப்பைச் சரிசெய்துவிடுங்கள். ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று அறிவித்துக் கிராஸோவரை, அதாவது ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சுரங்களைப் பிரித்துக்கொள்ளும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஐந்து அங்குல டிரைவர் வீணாகத் துடிப்பது நிற்கும், குரல் கூடத் தெளியும். சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸோவர் திருகை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள் அல்லது அந்த வடிகட்டியைத் தவிர்க்கும் எல்.எஃப்.இ. நிலைக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டு வடிகட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு 80-க்கு அருகில் ஒரு குழியைத் தோண்டிவிட்டு, 'பேஸில் வேகம் இல்லை' என்று சப்வூஃபரைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எட்டங்குலம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். இணைப்பு என்றதும் நினைவுக்கு வந்தது. என் சப்வூஃபரில் பாட்டு இல்லாதபோதும் 'உம்ம்' என்று ஒரு முனகல் இருக்கிறது. இவர் வாங்கும் பெட்டியிலும் அது வருமா?

ஈயப்பற்று எழுதியது:

ரிசீவரோடு செட்-டாப் பாக்ஸ் இணைந்திருக்கிறதா? கேபிள் டிவியின் வட்டக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் அந்தக் கம்பியின் வழியே எர்த் சுழல் உண்டாகியிருக்கிறது, கேபிளுக்கு ஒரு தனிமைப்படுத்தி போட்டால் போதும். எர்த் முனையை ஒடித்துவிட்டுச் சொருகுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முனகல் போகும், ஒருநாள் உயிரும் போகலாம். கடைசிவரிசை கணினியில் மட்டுமே கேட்பதால் இந்தத் தொல்லை வருவதற்கு வாய்ப்புக் குறைவு.

கடைசிவரிசை எழுதியது:

தவழ்ந்தேன். கதவைச் சாத்த மறந்ததால், கீழே விழுந்த மாத்திரையைத் தேடுவதாக நினைத்து அம்மாவும் சேர்ந்து தேடத் தொடங்கிவிட்டார் என்பதை மட்டும் பதிவுசெய்துகொள்கிறேன்.

மூலைச்சுவர் ஐயாவின் ஊகம் பலித்தது. இடமூலையில் காதை வைத்தபோது ஒரே முழக்கம். எதிர்ச்சுவரை ஒட்டி மெதுவாக நகர்ந்து, மூலையிலிருந்து நாலரை அடியைத் தாண்டியதும் பேஸ் கிட்டார் ஒவ்வொரு படியாக இறங்கி ஏறுவது தெளிவாகக் கேட்டது. மேசையை ஓரடி இடப்புறம் தள்ளினால் அங்கே ஒரு பெட்டி நிற்க இடம் இருக்கிறது. பீரோவுக்கு அருகில் ஓர் இடமும் நன்றாக ஒலித்தது, ஆனால் அங்கே வைத்தால் கதவைத் திறக்க முடியாது.

அலுவலக நண்பர் ஒருவரிடம் மைக் கிடைத்தது. பழைய நாற்காலி, மூலையில் சப்வூஃபர்: 57 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் மேடு, 47-இல் ஆழமான பள்ளம். புதிய நாற்காலி இடம், சுவர் நடுவில் சப்வூஃபர்: மேடு 6 டெசிபலாகச் சுருங்கியது, பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. இத்தனையும் நான் 'அறைக்கு அதிகம்' என்று நினைத்த அதே எட்டு அங்குலம்தான். 40-க்குக் கீழே மட்டும் கோடு சரிந்துவிடுகிறது.

மிஞ்சியிருக்கும் 6 டெசிபல் மேட்டுக்கு என்ன செய்வது? இரண்டு சிறிய சப்வூஃபர் வாங்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா?

மூலைச்சுவர் எழுதியது:

உண்மைதான். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி 2002-இல் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றென இரண்டு வைத்தால் இருக்கைக்கு இருக்கை ஒலி வேறுபடுவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் அந்த ஆய்வின் அக்கறை பல இருக்கைகள். உங்களிடம் இருப்பது ஒரே நாற்காலி. இரண்டு மலிவான பெட்டிகளுக்குப் பணத்தைப் பிரிப்பதைவிட ஒரு நல்ல பெட்டியை வாங்கி, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சீர்செய்துகொள்வதே இந்தத் தொகைக்கு ஏற்றது. வரவேற்பறையில் குடும்பமே உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

மிஞ்சிய மேட்டைக் கணினியிலேயே வெட்டிவிடலாம். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச நிரல் விண்டோஸில் ஓடும், ரூம் ஈக்யூ விசார்ட் கணக்கிடும் வடிகட்டியை அதில் அப்படியே ஏற்றலாம். 57-இல் ஒரு குறுகிய வெட்டு, 5 அல்லது 6 டெசிபல். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மேட்டை வெட்டலாம், பள்ளத்தைத் தூர்க்க முயலக் கூடாது. ஒத்ததிர்வால் உண்டான பள்ளத்தில் எவ்வளவு வாட் கொட்டினாலும் அது விழுங்கிவிடும், டிரைவர்தான் களைத்துப்போகும். அதனால்தான் முதலில் நாற்காலியை நகர்த்தச் சொன்னேன்.

எதை வாங்குவது என்பதற்கு இப்போது உங்கள் அளவுகோடே பதில் சொல்லிவிட்டது. 40-க்குக் கீழே இன்னும் கொஞ்சம் வேண்டும், சத்தம் அதிகம் வேண்டியதில்லை. பத்து அங்குலம், முடிந்தால் சீல்டு, பயன்படுத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஈயப்பற்று எழுதியது:

பழையது வாங்கினால் கையோடு செய்ய வேண்டியவை. கூம்பின் விளிம்பு நுரையா ரப்பரா என்று பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் நுரை சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும், விரலால் மெல்லத் தொட்டாலே பொடியாக வரும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூம்பை இரண்டு கைகளாலும் சமமாக அழுத்திப் பாருங்கள். உரசும் ஒலி கேட்டால் வேண்டாம். பிறகு பாட்டுப் போடாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆம்ப் தகட்டில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி, சுட்டால் உள்ளே ஏதோ பழுது இருக்கலாம்.

பதினான்காம்மாடி எழுதியது:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தானாக விழிக்கும் வசதி உள்ள பெட்டிகள் மெல்லிய ஒலியில் தூங்கிவிடும். பெட்டியின் ஒலித் திருகைக் குறைத்து, ரிசீவரில் சப்வூஃபர் அளவைக் கூட்டினால் சிக்னல் வலுவாகப் போய் அது விழித்திருக்கும். இதைப் பழுது என்று நினைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படித்தான் இப்போதுள்ளதை வாங்கினேன்.

கடைசிவரிசை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆறு ஆண்டு பழைய பத்து அங்குல சீல்டு ஒன்று, ரப்பர் விளிம்புடன், நகரத்திலேயே 22,000 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்றவர் வீட்டில் ஈயப்பற்று ஐயா சொன்ன மூன்றையும் செய்து பார்த்தேன். கூம்பை அழுத்தியபோது விற்றவரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

எதிர்ச்சுவரின் நடுவில் வைத்து, 80 ஹெர்ட்ஸ் சுரத்தை ஓடவிட்டு, பேஸ் திருகை இருபுறமும் மாற்றி எதில் ஒலி கூடுதலோ அதில் நிறுத்தினேன். மன்னிக்கவும், ஸ்பீக்கரோடு சப்வூஃபரின் அலையை ஒத்திசைக்கும் ஃபேஸ் திருகு என்று எழுதியிருக்க வேண்டும். 180-ஐவிட 0 நன்றாக இருந்தது. 57-இல் 5 டெசிபல் வெட்டு ஏற்றினேன். இப்போது கோடு 30 ஹெர்ட்ஸ் வரை பெரிய மேடுபள்ளம் இன்றி ஓடுகிறது. சப்வூஃபர் இருப்பதே தெரிவதில்லை, அணைத்தால் மட்டும் பாட்டு நின்ற இடத்தில் மெலிந்துவிடுகிறது. இரவு ஒன்பதரைக்கு அளவை 6 டெசிபல் இறக்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மாணவனிடம் நானே போய்க் கேட்டேன், பரீட்சை வாரத்தில் மட்டும் இன்னும் குறைத்தால் நல்லது என்றான்.

ஒரே ஒரு குறை. 33 ஹெர்ட்ஸை ஒட்டி ஏதோ ஒன்று 'கிர்ர்' என்று கரகரத்தது. டிரைவர் போயிற்று என்று ஒரு நாள் முழுவதும் கலங்கினேன்.

ஈயப்பற்று எழுதியது:

பீரோவின் கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தீர்களா?

கடைசிவரிசை எழுதியது:

பீரோவேதான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சொருகியிருக்கிறேன். இப்போது உள்ளே தொங்கும் சாவிக்கொத்து மட்டும் மிச்சம்.